கிளச்சைக் காணோம்

"மொதலாளி, கிளச்சைக் காணோம்."

தலையை வண்டிக்குள்ளும் மற்றதையெல்லாம் வெளியிலுமாக வைத்துக்கொண்டு எங்கள் டிரைவர் சுடலை இப்படிச் சொன்னபோது, விருதுநகர் கடைத்தெருவில் பாதிப் பேர் எங்கள் மிளகாய் வத்தல் கடை வாசலில் நின்றிருந்தார்கள். மீதிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"காணோம்னா? நல்லாத் தேடிப் பாருலே. சீட்டுக்கு அடியில கெடக்கும்" என்றார் என் தகப்பனார். நாங்கள் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"கெடக்குறதுக்கு அது என்ன செருப்பா மொதலாளி? பிரேக்கு இருக்கு. ஆக்சிலேட்டர் இருக்கு. எடதுகாலுக்கு ஒண்ணுமே இல்ல."

அய்யா குனிந்து பார்த்தார். அண்ணன் குனிந்து பார்த்தான். எதிர்க் கடை எண்ணெய் வியாபாரியும் தமக்கு உரிமை உள்ளதுபோல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். வழியில் எவனோ கழற்றிவிட்டான்.

வண்டி அன்று மத்தியானம்தான் வந்திருந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் புறப்படும்போது சாமான்களை ஏலம் விட, அய்யா அதில் எடுத்த அமெரிக்க வண்டி. வெளிறிய பச்சை நிறம். அதை எங்கள் கடை முன்னால் நிறுத்தினால் பக்கத்துக் கடையையும் சேர்த்து மறைக்கும். தோட்டத்து டிரைவர், ஒரு மலையாளத்துக்காரர், அதை ஓட்டி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். ஓடும்போது திரும்பி, "கிளச்சு இல்லா, கேட்டோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அய்யாவும் விடவில்லை. "அதெல்லாம் கேட்டாச்சு, கேட்டாச்சு. நீ ரயிலப் பிடி" என்று பதில் சொல்லி அனுப்பினார்.

மருமகனின் அதிசயம்

இந்தக் கதை இந்த வாரம் ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் என் மருமகன். போன மாதம் புது வண்டி வாங்கியிருக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாமா, இதுல கிளச்சே கிடையாது. கியரே மாத்த வேண்டாம். இனிமே எல்லாம் இப்பிடித்தான்" என்று தாமே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். கியர் போட்டு ஓட்டும் வண்டி இனி வாங்குவாரில்லாமல் போய்விடும் என்றும் சொன்னார்.

நான் அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அதிகம் பேசக் கூடாது. இந்த வாரப் பத்திரிகையை அவரும் படிக்கட்டும்.

காணாமல்போன கிளச்சுக்காகத் தந்தி அடித்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே அய்யா என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஒரு தந்தி எழுதச் சொன்னார். கிளச்சைக் காணோம், உடனே அனுப்பவும் என்று தோட்டத்துக்கு அனுப்பினோம். நோ கிளச் என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

"பாத்தியா, களவாண்டுட்டு இல்லேங்கான்" என்றார் அய்யா.

அவருக்கு ஏலம் என்றால் தலைகால் புரியாது. கூட்டத்தில் ஒருவன் விலை கேட்டால் அவர் கை தானாக உயர்ந்துவிடும். அப்படித்தான் ஒருமுறை மதுரையில் பல் வைத்தியர் நாற்காலி ஒன்றை எடுத்து வந்தார். மிதித்தால் உயரும், இறங்கும், பின்னால் சாயும். கடையில் அதில் உட்கார்ந்துதான் பல வருஷம் வியாபாரம் செய்தார். விலை படியாத தரகர் வந்தால் மெதுவாகப் பின்னால் சாய்ந்து கூரையைப் பார்ப்பார். எதிரே நிற்கிறவருக்கு அவர் வாய் மட்டும் தெரியும்.

இறங்குகிறவர்களும் இறங்காதவனும்

கிளச்சுக்கு ஏன் இத்தனை அமளி என்று இந்தக் காலத்தவர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் கிளச்சு இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது. தள்ளாமல் எங்கள் பக்கத்தில் எந்த வண்டியும் எங்கேயும் போனதில்லை.

எங்களிடம் அதற்கு முன்பே ஒரு கறுப்பு இங்கிலீஷ் வண்டி இருந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் துஷ்டி கேட்க இழவு வீட்டுக்குப் போனாலும் வழியில் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆண்கள் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். சுடலை இரண்டாவது கியரில் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, "ம், தள்ளுங்க" என்பார். வேகம் வந்ததும் கிளச்சை விடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் புகை கக்கிக் கிளம்பும். தள்ளினவர்கள் பின்னால் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து வரும் எங்கள் தாய்மாமன், தள்ளும் சுகத்துக்காகவே எங்களோடு பயணம் வருகிறவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எப்போது நிற்கும் என்று காத்திருப்பார்.

ஏற்றமாக இருந்தால் பாரம் குறையட்டும் என்று பெண்களும் இறங்கிவிடுவார்கள். இறங்காமல் உள்ளேயே இருக்கிறவன் நான் ஒருவன்தான்.

எனக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடதுகாலின் பலத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. நடப்பேன், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. கடைத்தெருவில் என்னை நொண்டிப் பரமு என்பார்கள். அதுகூட எனக்குப் பெரிதாக வலித்ததில்லை. வலித்தது வீட்டாரின் அன்புதான். வண்டி நின்றவுடன் எல்லோரும் ஒரே குரலில், "பரமு, நீ இருப்பா, எறங்காத" என்பார்கள். என் மடியில் யாராவது ஒரு குழந்தையை வைப்பார்கள். பக்கத்தில் சீர்த் தட்டு, பலாப்பழம், ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். ஊர் முழுக்க மூச்சு வாங்கத் தள்ள, நானும் சேவலும் உட்கார்ந்து வருவோம். அந்த அன்பான குரலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கறுப்பு வண்டியை ஓட்டிப் பழக முயன்றேன். கிளச்சு கல்லாக இருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிக் கிளச்சை மிதித்தேன். அப்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை இல்லை. வண்டி தவளைபோல் ஒரு தாவு தாவி நின்றுவிட்டது.

"விடுங்க சின்ன மொதலாளி. கிளச்சுன்னா அதுக்கு ஒரு கொடுப்பினை வேணும்" என்றார் சுடலை. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

லெப்ட்டும் ரைட்டும்

பச்சை வண்டிக்கு வருவோம்.

கிளச்சு இல்லாவிட்டாலும் கிளப்பியாவது பார்ப்போம் என்று ஒரு நாள் சுடலை ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குச்சி. அதை நகர்த்தினால் ஒரு முள் நகர்ந்து சில இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டும். அவற்றில் எல், ஆர் என்ற இரண்டும் சுடலைக்குத் தெரிந்தவை. கறுப்பு வண்டியில் கைகாட்டிக்கு அப்படித்தான் போட்டிருந்தது. எல் என்றால் லெப்ட். ஆர் என்றால் ரைட்.

"இது சிக்னல் குச்சி மொதலாளி" என்று அவர் அடித்துச் சொன்னார்.

கடைவாசலிலிருந்து வலது பக்கம் திரும்பிப் பேட்டைக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் வத்தலும் மல்லியும் குவித்து விற்கும் பெரிய முற்றத்தைப் பேட்டை என்போம். சுடலை முறைப்படி ஆர் போட்டார். கையையும் வெளியே நீட்டிக் காட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

ஆர் என்றால் ரிவர்ஸ் என்பது அப்போதுதான் விருதுநகருக்குத் தெரிந்தது. கடைக்கு முதுகு காட்டி நின்றிருந்த வண்டி பின்னாலேயே போய்க் கடைக்குள் அடுக்கியிருந்த வத்தல் சிப்பங்களில் ஏறியது. சிப்பங்கள் வெடித்துச் சிதறின. முதலில் அய்யா தும்மினார். பிறகு எண்ணெய் வியாபாரி. பிறகு தெரு முழுக்கத் தும்மியது. பல் வைத்தியர் நாற்காலி தானாகச் சாய்ந்துகொண்டது. வத்தல் நெடியில் சுடலை கண்ணைத் திறக்க முடியாமல், ரைட்டுக் காட்டிய கையை உள்ளே எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வண்டியைப் பேட்டைக்குப் பின்னால் இருந்த காலிக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோழிகள் ஏறின. இடதுகாலுக்கு வேலை இல்லாத வண்டி என்பதால் ஊர் அதற்கு நொண்டி வண்டி என்று பெயர் வைத்தது. இப்போது தெருவில் நொண்டி என்ற சத்தம் கேட்டால், என்னைச் சொல்கிறார்களா வண்டியைச் சொல்கிறார்களா என்று இரண்டு நிமிஷம் காத்திருந்துதான் கோபப்பட வேண்டியிருந்தது.

"தீவாளி கழியட்டும். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருவோம்" என்று அய்யா தீர்ப்புச் சொன்னார்.

மதினியின் சந்தேகம்

என் அண்ணன் மனைவிக்கு ஊர் தாயில்பட்டி. சிவகாசியைத் தாண்டிப் போக வேண்டும். அவள் தகப்பனார் சிறிய அளவில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். அந்த வீட்டில் எதையும் மெதுவாகத்தான் தொடுவார்கள், வைப்பார்கள். அதற்கெல்லாம் சேர்த்து மதினி வாயைத் திறந்தால் படபடவென்றுதான் வரும்.

ஒரு நாள் மத்தியானம் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "கொழுந்தனாரே, எனக்கு ஒரு சந்தேகம். எடதுகாலுக்கு வேலை இல்லைன்னுதானே அந்த வண்டிய எல்லாரும் ஏசுதாக?"

"ஆமா மதினி."

"ஒங்களுக்கும் எடதுகாலால ஆகக்கூடிய வேலை ஒண்ணுமில்ல. பொறவு என்ன யோசனை?"

அண்ணனுக்குப் புரையேறியது. அம்மா மோர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் என் காலைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசி வருஷக்கணக்காகிவிட்டது. எனக்கு முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு நேரே களத்துக்குப் போனேன்.

பேட்டைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பழகினேன். எல் என்றால் லேர்னர் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஓட்டிப் பழகுகிறவர்கள் வண்டியில் சிவப்பு எழுத்தில் எல் போட்டுத் தொங்கவிடுவது வழக்கம்தானே. நானும் பழகுகிறவன்தான் என்பதால் முறையாக எல்லில் போட்டே ஓட்டினேன். வண்டி ஆட்டாங்கல்போல் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. குழந்தையோடு பின்ஸீட்டில் ஏறி உட்கார்ந்த முதல் பயணி மதினிதான். "நான் எறங்கி நடந்து வாரேன், நீங்க பின்னாலயே வாங்க" என்றாள். ஒரு நாள் கை தவறிக் குச்சி, டிரைவ் என்பதற்கான டி எழுத்தில் விழுந்தது. உறுமல் நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. கோழிகள் பறந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வேடிக்கை பார்க்க வந்த சுடலை, "நானும் ஒரு சுத்து சுத்துதேன்" என்று ஏறினார். அவருக்கு வரவில்லை. திருப்பத்தில் அவருடைய இடதுகால் தானாகவே கிளச்சைத் தேடும். அங்கே அகலமான பிரேக்குத்தான் இருந்தது. ஓங்கி மிதிப்பார். வண்டி அடித்துப் போட்டதுபோல் நிற்கும். அவர் நெற்றி கண்ணாடியில் இடிக்கும். எத்தனை வருஷத்துப் பழக்கம், காலைச் சொல்லிக் குற்றமில்லை. என் இடதுகாலுக்கு அப்படிக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அதற்கு எந்தப் பழக்கமும் இல்லை.

அந்தக் களத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பாட்டரி தீர்ந்துபோனது. சிப்பம் தூக்குகிறவர்கள் வந்து களத்தை வலம் வரத் தள்ளிப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. பாட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டியதும் ஒரே திருகில் கிளம்பியது. மனிதர்கள் தள்ளும் வேகத்துக்கெல்லாம் இந்த வண்டி கிளம்பாது.

சிவகாசி ரோட்டில்

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் தாயில்பட்டியில் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. கறுப்பு வண்டி அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் படுத்துக்கொண்டது. மதினி அய்யா முன்னால் போய் நின்று, "கொழுந்தனாரு ஓட்டட்டும் மாமா" என்றாள். அய்யா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல் வைத்தியர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"தாயில்பட்டி போயிச் சேத்தான்னா வண்டி இங்கன இருக்கட்டும். சேக்கலேன்னா இரும்புக்காரனுக்கு" என்றார்.

லைசென்ஸ் இருந்ததா என்று கேட்காதீர்கள். அதை எழுதினால் சிலருடைய பேரன்மார் கோபித்துக்கொள்வார்கள்.

முன்னால் நானும் அய்யாவும். பின்னால் அண்ணன், குழந்தையோடு மதினி, எனக்குத் துணை என்ற பெயரில் சுடலை. அவருடைய இடதுகால் வழியெல்லாம் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. நான் டியில் போட்டு ஓட்டினேன். இருபுறமும் கரிசல் காடு. சிவகாசி நெருங்க நெருங்கக் காற்றில் கந்தக வாசனையும் அச்சு மை வாசனையும் கலந்து வந்தன. அய்யா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பிடியை விட்டார். பிறகு வெளியே தெரிந்தவர்கள் யாராவது தென்படுகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தார்.

ரயில்வே கேட் ஒன்று மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். வண்டியில் ரேடியோ உண்டு. அய்யா அதைத் திருகினார். நாதஸ்வரம். சத்தத்தைக் கூட்டினார். முன்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் வந்தார்கள். பின்னால் நின்ற தீப்பெட்டி லோடு லாரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்காரரும் வந்தார். "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்று அய்யா கல்யாண வீட்டுக்காரர்போல் எல்லோரையும் உபசரித்தார்.

"அய்யா, ரேடியோ பாட்டரியக் குடிச்சிரும்" என்றேன்.

"சும்மா இருலே. தனியாவர்த்தனம் வருது."

ரயில் தாமதம். தவில் வாசித்து முடித்தார்கள், ரேடியோ தானாகவே மெலிந்து மெலிந்து அடங்கியது. ரயில் போனது. கேட் திறந்தது. சாவியைத் திருகினேன். வண்டி ஒரு முனகல் முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

சுடலை முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கதவைத் திறந்து குதித்து வேட்டியை மடித்துக் கட்டினார். "எறங்குங்க, எறங்குங்க. ஒரு தள்ளு தள்ளினாக் கிளம்பிரும்."

"தள்ளினாக் கிளம்பாது அண்ணே. களத்துல பாத்தாச்சு. பாட்டரிக் கடைக்குத்தான் ஆள் அனுப்பணும்" என்றேன் சுடலையிடம்.

"தள்ளினாக் கிளம்பாத வண்டி ஒலகத்துல உண்டாலே?" என்றார் அய்யா. அவரும் இறங்கிவிட்டார்.

அய்யா, அண்ணன், சுடலை, லாரி ஆட்கள், ரேடியோ கேட்ட கடனுக்கு மாட்டுவண்டிக்காரர்கள். எல்லோரும் பின்னால் கை வைத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாரத்தைத் தண்டவாளத்துக்கு மேலாக ஏற்றி இறக்கி, கேட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனார்கள்.

"செகண்டுல போடுங்க சின்ன மொதலாளி. கிளச்ச விடுங்க" என்று பின்னாலிருந்து சுடலை கத்தினார்.

"கிளச்சு இல்லையே அண்ணே" என்று நான் தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்.

ரோட்டோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி நடந்து வந்தாள். மறுபடியும் எல்லோரும் வெளியே, நான் உள்ளே. இந்தத் தடவை மடியில் சேவல் இல்லை, கையில் ஸ்டியரிங் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. இரும்புக்காரன் முகம்தான் கண்முன் வந்தது.

வண்டி நின்றது. அய்யா என் ஜன்னலுக்கு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தில் எதுவும் ஞாபகம் இல்லை.

"ஏலே பரமு. ஊரே நாக்குத் தள்ளிக் கெடக்கு. நீ என்னலே மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கே? எறங்கித் தள்ளுலே."

அண்ணன் அய்யாவைப் பார்த்தான். சுடலை தரையைப் பார்த்தார். அய்யாவுக்கு மட்டும் தாம் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை. துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மதினி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

என் இருபத்துச் சொச்சம் வயதில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். ஒரு கையை ஜன்னல் வழியாக விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கதவுத் தூணில் முட்டுக் கொடுத்துத் தள்ளினேன். தார் ரோடு காலைச் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். தள்ளும்போது எல்லோருமே சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார்கள். அதில் நான் யார் என்று புதிதாக ஒருவர் வந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டரி மாற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் தாயில்பட்டி போய்ச் சேர்ந்ததும், குற்றமெல்லாம் ரேடியோவின் மேல்தான் என்று அய்யாவே பந்தியில் தீர்ப்பை மாற்றியதும், வண்டி எங்களிடமே தங்கியதும் பிற்பாடு நடந்தவை.

அந்த நேரத்தில் வண்டி கிளம்பவில்லை. கிளம்பாது என்பது அத்தனை பேரிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். லாரிக்காரர் கைநிறையக் கயிறோடு ஓடி வந்து, "போதும் தம்பி, கட்டி இழுத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் பாப்போம்."